குறை கிடைக்காத ஊர்

என் நாத்தனார் ஸ்வர்ணலதாதான் எங்கள் தெருவிலிருந்து பி.எச்டி. படிக்கப் போன முதல் ஆள். அது முடிய எத்தனை காலம் ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பாள்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் ஏழாவதோடு நின்றவள். அவள் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள், நான் தறிக்கான நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்பேன். பிறகு இன்ஜினியரிங், அதற்கு மேல் எம்.இ., அப்புறம் வேலூர் ரோட்டில் ஒரு தனியார் காலேஜில் லெக்சரர் வேலை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், அதாவது இரண்டாயிரத்து ஒன்றில், சென்னையில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள்.

என் கணவர் பச்சையப்பன் பட்டு நெசவாளர். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் கூலிக்கு ஆள். அவர் இடது கைக்காரர். நாடாவை ஓடவிடும் கயிற்றை மற்றவர்கள் வலது கையால் இழுத்தால் இவர் இடது கையால் இழுப்பார். அறுந்த இழையை ஊசியில் கோர்த்துச் சரிசெய்வதும் இடது கையால்தான்.

லதாவின் ஆராய்ச்சி என்னவென்று ஒருநாள் அடுக்களையில் கேட்டேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

"இந்தப் பூ திரும்பத் திரும்ப வருது பாருங்க அண்ணி. அது டிசைன். இதோ, இங்க ஒரு இழை போயிருக்கு. இது ஒரே ஒரு எடத்துலதான் கீது. அது குறை. நம்ம கண்ணு பாத்தவுடனே இத ரெண்டையும் பிரிச்சிடுது. கேமராவுக்கு அது தெரியாது. அதுக்குக் கத்துக் குடுக்கணும். அவ்ளோதான்."

"இதுக்கா மெட்ராஸுக்குப் போற?"

"இதுக்குத்தான்."

எதிர்வீட்டில் இருக்கும் துரையின் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "துணியப் பாத்து குறை சொல்றதுக்கு ஒரு படிப்பா? ஜாக்கெட் துணி எடுக்கறவ எல்லாம் சொல்றாளே" என்றாள். லதாவும் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிக்க முடிந்தது.

ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரை அவர்கள் கைடு என்கிறார்கள். சனிக்கிழமைதோறும் விடியும் முன் பஸ் பிடித்து லதா அவரைப் பார்க்கப் போவாள். அவர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச் உண்டு. அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே அந்தக் கட்டடத்தில் யார் யார் எப்போது டீ குடிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னிக்காவது சாரப் பாத்தியா?" என்று கேட்பேன்.

"பாத்தேன். கதவத் தொறந்துகினு சாப்பிடப் போனாரு. அப்ப பாத்தேன்."

ஒருநாள் அவர் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். எல்லாரும் வெளிநாட்டுத் துணிகளின் படங்களை வைத்தே செய்கிறார்கள், நீ ஆரணிக்காரி, பட்டில் செய், புதிதாக இருக்கும், குறையுள்ள பட்டு உங்கள் ஊரில் கொட்டிக் கிடக்குமே என்றாராம். லதா அன்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அண்ணனிடம் அப்படியே சொன்னாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

"கொட்டிக் கிடக்குதுன்னு சொன்னாரா? அந்தாளு எந்த ஊரு?"

"மாயவரம் பக்கம் ண்ணா. அது எதுக்கு இப்ப?"

"அவரு வூட்ல கொட்டிக் கிடக்கும். நம்ம வூட்ல எங்க கிடக்குது, காட்டு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. தறியில் ஒரு குறை விழுந்தால் அங்கேயே நிறுத்தி, நெய்ததைப் பிரித்து, மறுபடி நெய்துவிடுவார்கள். சிறியதாக இருந்தால் ஊசியால் இழை கோர்த்து மறைத்துவிடுவார்கள். அதையும் தாண்டி ஒன்று தப்பினால், கூலிக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளி கடையில் மாட்டும். வாசல் வெளிச்சத்தில் புடவையைப் பிரித்துப் பார்ப்பார்கள். குறை தெரிந்தால் கூலியில் பிடித்தம், புடவையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அப்புறம் அது ஊரில் இருக்காது. எங்கே போகிறது என்று யாரும் கேட்பதும் இல்லை. குறை நெய்தவன் எப்படிக் கேட்பான்?

லதா தெருவில் வீடு வீடாகக் கேட்டாள். நானும் கூடப் போனேன். துரையிடம் போனால், "குறையா? எங்க வூட்லயா? பச்சையப்பன் கிட்ட கேளும்மா, அவன்தான் ரெண்டு தறி வச்சிகினு கீறான்" என்றார். அடுத்த வீட்டில் துரையைக் காட்டினார்கள். அதற்கு அடுத்த வீட்டில் மேலத்தெருவைக் காட்டினார்கள். பவர்லூம் வைத்திருந்தவர், "மிஷின்ல குறை வராதும்மா, அது மனுஷன் கையால நெஞ்சாதான் வரும்" என்றார். முதலாளி கடையில் லதாவை உட்காரவைத்து கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "நம்ம கடைப் பேரு கெட்டுப்போற மாதிரி எதுவும் கேக்காதம்மா" என்றார்கள்.

கடைசியில் லதா ஒரு வழி கண்டுபிடித்தாள். குறை கிடைக்காவிட்டால் நெய்துகொள்ளலாம்.

"நானே நூல் வாங்கித் தரேன் ண்ணா. ஒரு பொடவ நீளத்துக்கு வெறும் பட்டு நெஞ்சி குடு. பார்டர் வேணாம். நடுநடுவுல குறை வரணும்."

"வேணும்னே குறை நெய்யச் சொல்றியா? லூசா நீ?"

சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் இதே பேச்சு. ஒரு வாரம் கழித்து அவர் இறங்கி வந்தார். ஆனால் தறியில் புதிதாக ஏற்றும் பாவு நூலில் ஆரம்பத்திலேயே குறை நெய்வது குடும்பத்துக்கு ஆகாது என்று, ஓடிக்கொண்டிருந்த பாவு முடியும்வரை காத்திருந்து அதன் கடைசியில் நெய்ய ஒப்புக்கொண்டார். அன்று காலை தறிக்குக் கற்பூரம் காட்டினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். "மன்னிப்பு கேட்டேன்" என்றார்.

லதா காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

"எங்க வரணும் குறை?" என்று தறியில் இருந்தபடி கேட்டார்.

"எங்க வேணா வரட்டும்."

"எங்க வேணான்னா எப்டி? ஒரு கணக்கு சொல்லு."

"உன் இஷ்டம் ண்ணா, பஸ்சு போயிடும்" என்று ஓடிவிட்டாள்.

அவர் இஷ்டப்படி நெய்தார். துணி முடிந்ததும் லதா அதை உருளையில் சுற்றி காலேஜுக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு மூலையில் அவளே ஏற்பாடு செய்த கருவி இருந்தது. உருளை சுற்றும், துணி கேமராவுக்குக் கீழே மெதுவாக ஓடும். திரையில் ஒரு கையகலம் மட்டும் தெரியும். அந்தத் துண்டுகளையெல்லாம் கம்ப்யூட்டர் நீளமாகச் சேர்த்துக்கொண்டு, எது டிசைன், எது குறை என்று சொல்ல வேண்டும்.

குறையே இல்லை என்று சொன்னது.

அவள் என்னென்னவோ மாற்றினாள். பட்டு பளபளக்கிறது, வெளிச்சம் சரியில்லை என்று விளக்கை மாற்றினாள். கேமராவைக் கடன் வாங்கி மாற்றினாள். பிறகு தான் எழுதிய புரோகிராமையே கலைத்து முதலிலிருந்து எழுதினாள். காலேஜில் காலை முழுக்கப் பாடம், மதியம் லேப், தேர்வு வந்தால் பேப்பர் திருத்துவது. மிச்ச நேரத்தில்தான் இதெல்லாம். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அதையே சொன்னது. துணி நன்றாக இருக்கிறது, குறை இல்லை.

"அண்ணி, கண்ணு முன்னாடி குறை ஓடுது. நான் பாக்கறேன். அது மட்டும் பாக்க மாட்டேங்குது" என்றாள். குழந்தை சாப்பிடவில்லை என்று தாய் சொல்வதுபோல இருந்தது.

அவளுக்குப் பிறகு சேர்ந்த சதீஷ் என்ற பையன், அந்த வெளிநாட்டுத் துணிப் படங்களை வைத்து முடித்துவிட்டுப் போனான். போகும்போது, "மேடம், நீங்க இன்னும் பொடவ கடையிலதான் கீறீங்களா?" என்று கேட்டானாம். கைடு, "உன் முறையே தப்பு" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்றரை வருஷத்துக்கு அந்த ஒரு வரி. அவளுக்குப் பார்த்த இரண்டு வரன்களும் அந்தச் சமயத்தில்தான் வந்து போயின. "படிப்பு எப்ப முடியும்?" என்று கேட்டார்கள். முடியும் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லாத நேரம் அது.

அந்த வருஷ ஐப்பசி மழையில் காலேஜ் கட்டடம் ஒழுகி உருளை நனைந்துவிட்டது. லதா துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மழை விட்ட ஒரு மாலையில் மொட்டைமாடியில் கயிறு கட்டி, முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டோம். துணி நெய்த நாளிலிருந்து அவள் அதை முழுசாகப் பார்த்ததே இல்லை. கேமராவுக்குக் கீழே கையகலம்தான் பார்த்தாள்.

தொய்ந்த கயிற்றின் மறுமுனையை இழுத்துக் கட்டத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினவள் அங்கேயே நின்றுவிட்டாள். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. குறுக்கே ஓடும் ஊடை இழை விட்டுப்போன இடங்களில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. நானும் பார்த்தேன். இரண்டு சாணுக்கு ஒன்று. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. மறுபடி வலது, மறுபடி இடது. தெளித்து வைத்த புட்டா மாதிரி அழகாக இருந்தது.

லதா தொட்டியிலிருந்து இறங்கிக் கீழே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ண்ணா, குறைய எப்டி நெஞ்ச?"

"ஏன், நல்லா இல்லியா?" என்றார் அவர். "கையால அளந்து அளந்து வச்சேன். ஒண்ணு கூட தப்பல."

"குறையக்கூட அளந்து வைக்கணும்னு யாருண்ணா சொன்னாங்க உனக்கு?"

"பின்ன எப்டி நெய்யறது? கண்டபடி நெஞ்சா பாக்க நல்லாவா இருக்கும்?"

"பாக்க நல்லா இருக்கக் கூடாதுண்ணா! அதுக்குப் பேருதான் குறை!"

"இத மொதல்லயே சொல்லிக்கணும். எங்க வேணா வரட்டும்னு சொன்னது யாரு?"

திரும்பத் திரும்ப வருவது டிசைன் என்று அவள் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். அது சரியாகவே கற்றிருந்தது. ஒன்றரை வருஷமாக அது உண்மையைச் சொல்ல, இவள் அதைத் தப்பு என்று திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. ரொம்ப நாள் இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அவரிடம் மறுபடி கேட்க அவளுக்கு மனமில்லை. கேட்டாலும் பயனில்லை என்று அவளே சொன்னாள். கண்டபடி நெய் என்றாலும் அவர் கை கண்டபடி போகாது. அவளுக்கு வேண்டியது உண்மையான குறை, தானாக விழுந்தது, அதுவும் நிறைய. பதிவுக்கான காலக்கெடு நெருங்கிவிட்டது. கெஞ்சி ஒருமுறை நீட்டித்துக்கொண்டு வந்தாள். "இனி நீட்டிக்க முடியாது, பேசாமல் வெளிநாட்டுப் படத்தை எடுத்துக்கொள்" என்றாராம் கைடு. முடியாது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

இரண்டாயிரத்து நான்கு கோடையில் காலேஜ் அவளுக்கு வேறு வேலை கொடுத்தது. பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், எங்கள் காலேஜில் சேருங்கள் என்று பேச வேண்டும். சேர்க்கை குறைந்தால் வேலை போகும் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லியிருந்தார்கள். லதாவுக்குச் சந்தவாசல், படவேடு பக்கம். அந்தப் பக்கம் பஸ் குறைவு, தனியாக அனுப்ப மாட்டேன் என்று அவள் அண்ணன் சொன்னதால் நான் துணைக்குப் போனேன். பேச வேண்டியது லதா. எனக்கு நிம்மதி.

சந்தவாசலைத் தாண்டி ஒரு வீடு. காத்தாயி என்ற அம்மா கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவள் மகள் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். லதா காலேஜைப் பற்றிப் பேசினாள், ஒப்பித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். காத்தாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஊரு டீச்சரம்மா?" என்றாள்.

"ஆரணி."

"ஆரணியா! அட, எங்க வூட்லயும் ஆரணிப் பட்டு கீது. பொண்ணு பெரிய மனுஷி ஆனப்ப என் தம்பி சீர் எடுத்தாந்தான். போளூர் கடையில எடுத்தது."

பெட்டியைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றிய புடவையைக் கொண்டுவந்து லதாவின் மடியில் வைத்தாள். மாம்பழ நிறம், ருத்திராட்ச பார்டர். அந்த பார்டர் எனக்குத் தெரிந்ததுதான்.

"எல்லாப் பொடவையும் ஒரே மாதிரி இருக்குமில்ல? இதுல மட்டும் பாருங்க" என்று காத்தாயி ஒரு மடிப்பைப் பிரித்தாள். உடலின் நடுவில், இழை அறுந்து கோர்த்த இடம் ஒன்று, சின்னதாகப் பிசிறு போல நின்றது. "ஒரே ஒரு நட்சத்திரம் வச்சி நெஞ்சிருக்காங்க. லட்சத்துல ஒண்ணுதான் இப்டி அமையும்னு கடக்காரரு சொன்னாராம். அதிர்ஷ்டம்னு என் தம்பி எடுத்தாந்துட்டான்."

லதா அந்த இடத்தைத் தொட்டாள். விரலை எடுக்கவே இல்லை.

"கேமரா எடுத்தாந்து இத ஒரு போட்டோ எடுத்துக்கலாமாம்மா?"

"எதுக்கு?"

"இந்த மாதிரி நான் தேடிகினு கீறேன்மா. எங்கியும் கிடைக்கல" என்றாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

காத்தாயிக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே போய்க் குரல் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருப் பெண்கள் தங்கள் தங்கள் பட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருத்தி புடவையில் எறும்பு வரிசை இருந்தது. ஒருத்திக்குத் தாழம்பூ மடல். ஒருத்திக்கு ஜரிகையில் பாம்புத் தடம். எல்லாம் போளூரில் எடுத்தவை, எல்லாம் கூலி பிடித்துத் தனியாக எடுத்து வைத்தவை. எங்கள் ஊர் யாரும் வாயால் ஒப்புக்கொள்ளாத குறையெல்லாம் அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் நாப்தலின் உருண்டையோடு மடித்து வைத்திருந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

லதா அந்தக் கோடை முழுக்கப் போனாள். காலேஜ் சொன்ன ஊர்களுக்கும் போனாள், சொல்லாத ஊர்களுக்கும் போனாள். காலேஜில் நண்பர் ஒருவரின் டிஜிட்டல் கேமராவை வாங்கி வைத்துக்கொண்டாள். எந்த வீட்டிலும் குறை என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. நட்சத்திரம் என்றால் நட்சத்திரம், எறும்பு என்றால் எறும்பு. சேர்க்கைக்கு அவள் பிடித்துக் கொடுத்த ஆள் காத்தாயி மகள் ஒருத்திதான் என்று காலேஜில் திட்டு வாங்கினாள்.

முதலில் காத்தாயி புடவையைத்தான் கம்ப்யூட்டரில் போட்டாள். அப்போது வீட்டிலேயே ஒன்று வாங்கியிருந்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். படம் மெதுவாகச் சாம்பல் நிறமானது. புட்டா ஒவ்வொன்றாக மறைந்தது. கடைசியில் எல்லாம் வெறுமையாகி, நடுவில் அந்தப் பிசிறு மட்டும் நின்றது. அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் வந்து விழுந்தது.

லதா நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "பாத்துடுச்சி அண்ணி" என்றாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எழுதுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கைடு படிக்க அதில் பாதி. இரண்டாயிரத்து ஆறில் ஆராய்ச்சியைப் புத்தகமாகக் கட்டி அனுப்பினாள். பல மாதம் கழித்து, அதைப் படித்துப் பார்த்த வெளியூர்ப் பேராசிரியரிடமிருந்து கேள்வி வந்தது. இவை குறை என்று தீர்மானித்தது யார்? ஆராய்ச்சி செய்தவரே சொன்னால் போதாது. அனுபவமுள்ள நெசவாளர்கள் இரண்டு பேர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இது குறைதான் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ஆரணியில் நெசவாளருக்கா பஞ்சம்? லதா படங்களைப் பெரிதாக அச்சிட்டு வந்து தறி அறையில் பாய் விரித்துப் பரப்பினாள். என் கணவரும் துரையும் உட்கார்ந்தார்கள்.

துரைக்கு ஒரே குஷி. "அய்யய்யோ, இத எவன் நெஞ்சான்? தூங்கிகினே நெஞ்சானா?"

"இத பாரு, ஜரிகைய மாடு மேஞ்ச மாதிரி" என்றார் என் கணவர்.

"கண்டிப்பா மேலத்தெருதான். குடு, கையெழுத்து போடறேன். ரெண்டு போடட்டுமா?"

சிரிப்பும் கிண்டலுமாக மளமளவென்று படங்கள் தீர்ந்தன. அடுத்தவன் குறைக்குக் கையெழுத்துப் போடுவதில் அவ்வளவு சந்தோஷம். அப்போது காத்தாயியின் புடவை வந்தது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இந்த ருத்திராட்ச பார்டரு நம்ம ரெண்டு வூட்லதான ஓடிச்சி?" என்றார் துரை.

"ஆமா. உன்னுது."

"எது? என்னுதா? உன்னுதுய்யா."

"எங்க வூட்ல ஏது குறை? உன் தறிதான் அந்த வருஷம் விழுது அறுந்துகினே கிடந்தது."

"பச்சையப்பா, பேஜார் பண்ணாத. உன்னுதுன்னு சொல்லு, நான் இப்பவே கையெழுத்து போடறேன்."

"நீ உன்னுதுன்னு சொல்லு, நான் போடறேன்."

நான் படத்தைப் பார்த்தேன். பெரிதாக அச்சிட்டதில் அறுந்த இழையை ஊசியால் கோர்த்த விதம் நன்றாகத் தெரிந்தது. எல்லாரும் கோர்த்தால் இழை வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்ந்தபோது லதாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தன் அண்ணனின் கையைப் பார்த்தாள். அவர் பேனாவை இடது கையில் பிடித்திருந்தார்.

"இது குறையே இல்ல" என்றார் என் கணவர், யார் முகத்தையும் பார்க்காமல். "போட்டோவுல நெழலு விழுந்துகீது."

துரை வாயைத் திறந்தார். லதா முந்திக்கொண்டாள்.

"ஆமா ண்ணா. நெழலுதான்."

அந்தப் படத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வேறு எந்த நெசவாளரிடமும் அதைக் காட்டவில்லை.

ஒரு படம்தானே என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தது. அவள் புத்தகத்தில் முதல் படம் அதுதான். ஒவ்வொரு படியையும் அந்தப் படத்தை வைத்தே விளக்கியிருந்தாள். அதை எடுத்ததும் எண்கள் எல்லாம் மாறின, அட்டவணை எல்லாம் மாறியது. அதே படத்தோடு டெல்லியில் ஒரு கருத்தரங்குக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த கட்டுரையை கைடு திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். "கையெழுத்து வாங்க உன்னால் முடியவில்லையா? உன் அண்ணனே நெசவாளர்தானே?" என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல அண்ணி. இன்னா சொல்றது?"

மறுபடி ஆறேழு மாதம். திருத்தி, கட்டி, அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து. இதையெல்லாம் அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் தாமதம் என்றாள். "கவர்மெண்டு வேலைன்னாலே இப்டித்தான்" என்று அவர் அவர்களைத் திட்டினார்.

இரண்டாயிரத்து ஏழு கடைசியில் வாய்மொழித் தேர்வு. நாங்கள் இரண்டு பேரும் போனோம். என் கணவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். எல்லாம் இங்கிலீஷ். லதா திரையில் படம் காட்டிக்கொண்டே பேசினாள். எறும்பு வரிசை வந்தது, தாழம்பூ வந்தது, பாம்புத் தடம் வந்தது. நட்சத்திரம் வரவில்லை. முடிந்ததும் வெளியூர்ப் பேராசிரியர் நிறைய கேட்டார். ஒரு கேள்வியில் ஆரணி என்ற பெயர் வந்தது. லதா டேபிளைப் பார்த்தபடி சுருக்கமாக ஏதோ சொன்னாள். அறையில் சிலர் சிரித்தார்கள்.

பட்டம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சில திருத்தங்கள் மட்டும் செய்ய வேண்டும். மறுபடி திருத்தம்.

வெளியே மரத்தடியில் என் கணவர் அவள் தலையில் கை வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அந்தாளு ஆரணின்னு சொன்னாரே, இன்னா கேட்டாரு?"

"பட்டுக்குப் பேர்போன ஊர்லேர்ந்து வர்றீங்க, ஆரணியிலயே எடுத்த படம் ஏன் ஒண்ணுகூட இல்லன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆரணியில குறை கிடைக்காதுன்னு சொன்னேன்."

"கரெக்டா சொன்ன" என்றார் அவர். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அத மொதல் நாளே சொல்லிக்கணும் அந்தாளு கிட்ட. இவ்ளோ வருஷம் அலைய வுட்டுட்டாங்க உன்ன."

லதா என்னைப் பார்த்தாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன். மே மாதம் பிள்ளை பிடிக்க மறுபடி படவேடு பக்கம் போக வேண்டும் என்று காலேஜிலிருந்து சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் வருவீங்களா அண்ணி என்று பஸ்ஸில் கேட்டாள்.

"வரேன்" என்றேன். முன் சீட்டில் அவர் பக்கத்து ஆளிடம் பேச ஆரம்பித்திருந்தார். "என் தங்கச்சிதாங்க. துணியில குறை கண்டுபுடிக்கறதுல டாக்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.